முதல் இழுப்பு

அந்தக் கல்லறைக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். கீழே அசரியா. அவருக்கு மேலே அவருடைய மகள் ஜோவிதா.

புதுக் குழி தோண்ட இடமில்லை என்று கல்லறைத் தோட்டத்து அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். குடும்பக் கல்லறை இருந்தால் திறந்து கொடுக்கிறோம் என்றார்கள். பிப்ரவரியில் திறந்து கொடுத்தார்கள். கல்லில் அசரியாவின் பெயருக்குக் கீழே கொஞ்சம் வெற்றிடம் விட்டிருந்தது. அது அவர் மனைவி ஜெயசீலிக்காக விட்ட இடம். அதில் மகளின் பெயரை வெட்டினார்கள். முப்பத்திரண்டு வயது. நுரையீரலில் புற்றுநோய். நோயின் பெயரைக் கல்லில் யாரும் வெட்டுவதில்லை. ஊர் வாயில் அது தானாகவே பதிந்துகொண்டது.

ஜோவிதாவின் கணவன் ஜோனத்தான் மத்தியானமே ஒரு வாளியும் துடைப்பமுமாக வந்துவிட்டான். நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்துகொண்டதால் தாம்பரத்துச் சனம் பாதி அங்கேதான் இருந்தது. வாசலில் சாமந்தியும் ரோஜாவும் மெழுகுவர்த்தியும் விற்றார்கள். உள்ளே காலையில் பெய்த மழையில் நடைபாதை சேறாகிக் கிடந்தது. அவன் கல்லைக் கழுவினான். ஓரத்தில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கினான். சாமந்தியைக் கொட்டிப் பரப்பினான். இந்த எட்டு மாதங்களில் அவன் கண்டுகொண்டது இதுதான்: கைக்கு வேலை இருந்தால் கை செய்கிறது. மற்றதெல்லாம் மரத்துப் போயிருந்தது. அழுதுவிடுங்கள், அழுதால் சரியாகிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். அவனும் காத்திருந்து பார்த்தான். வரவில்லை.

ஆனால் ஒரு வாக்கியம் மட்டும் ஒரு வாரமாக வாய்க்குள் புரண்டுகொண்டே இருந்தது. குளிக்கும்போதும், பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் நடக்கும்போதும் அதைச் சொல்லிப் பார்த்தான்.

"அத்தை, இந்த வருஷம் சிகரெட் வேண்டாம்."

சொல்வது சுலபம். ஏன் வேண்டாம் என்று அத்தை கேட்பார். அதற்கான பதிலைத்தான் சொல்லக்கூடாது.

கல்லறைத் திருநாளில் இறந்தவர்களுக்குப் பிடித்ததை அவர்கள் கல்லறையில் வைப்பது அந்தப் பக்கத்தில் பலருக்கும் வழக்கம். பக்கத்துக் கல்லறைக்காரருக்கு வருஷா வருஷம் மிக்சர் பொட்டலம் வரும். எதிர் வரிசையில் ஓர் அம்மாவுக்கு ஃபில்டர் காபி, ஃபிளாஸ்கில் சூடாக. அசரியாவுக்கு சிகரெட். ஃபில்டர் இல்லாத சின்ன சிகரெட். அதைப் பற்ற வைத்து, ஊதுபத்தி நிறுத்துவதுபோல் மண்ணில் நட்டு வைப்பார்கள். அது தானாக எரிந்து சாம்பலாகும் வரை குடும்பம் சுற்றி நிற்கும். சபை ஆயருக்கு இது பிடிக்காது. அதனால் அவர் வந்து ஜெபித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போகும்வரை சிகரெட் யாருடைய சட்டைப் பையிலாவது பதுங்கியிருக்கும்.

அசரியாவை ஜோனத்தான் பார்த்ததில்லை. அவர் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். வேலை நேரத்திலேயே மாரடைப்பு வந்து போய்விட்டார். அப்போது ஜோவிதாவுக்குப் பதினேழு வயது. அவள் சொல்லித்தான் அவனுக்கு மாமனாரைத் தெரியும். நல்ல மனிதர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், சம்பளக் கவரைப் பிரிக்காமல் மனைவியிடம் கொடுப்பார். ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரே அறை, ஒரு சமையலறை. அந்த அறையில் கட்டிலில் சாய்ந்துகொண்டு சிகரெட் பிடிப்பார். கட்டிலுக்குக் கீழே மகளும் மகனும் வீட்டுப்பாடம் எழுதுவார்கள். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளைக் கசங்காமல் எடுத்து மகளிடம் தருவார். கிறிஸ்துமஸ் வரும்போது அவளிடம் ஒரு கட்டு சேர்ந்திருக்கும். குடிலுக்கு நட்சத்திரமெல்லாம் அதில்தான். "அந்த லைன்லயே எங்க வீட்டுக் குடில்தான் மின்னும்" என்று ஜோவிதா பெருமையாகச் சொல்வாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஸ்கேனையெல்லாம் பார்த்து முடித்தபின், மருத்துவர் கேட்டார்: "வீட்ல யாராவது ஸ்மோக் பண்றாங்களா?"

அவர் பார்த்தது ஜோனத்தானை. அவன் இல்லை என்று தலையாட்டினான். அவன் தொட்டதே இல்லை.

"அப்பா சிகரெட் குடிப்பாரு டாக்டர்" என்றாள் ஜோவிதா. "எனக்குப் பதினேழு வயசு வரைக்கும். வீட்டுக்குள்ளயே."

மருத்துவர் பேனாவை மூடி வைத்தார். "இதனாலதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. காத்து கெட்டுப் போயிருக்கு, பரம்பரை இருக்கு, ஒண்ணுமே இல்லாமலும் வருது. ஆனா சின்ன வயசுல அடைச்ச ரூம்ல அத்தனை வருஷம் புகையில இருந்தது ஒரு காரணமா இருக்கலாம்."

திரும்பி வரும்போது மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பல்லாவரம் தாண்டியதும் சொன்னாள்: "அம்மாகிட்ட இதச் சொல்லாத, ஜோனா."

"ஏன்?"

"தாங்க மாட்டாங்க."

"நீ தாங்குறியா?"

"நான் என்ன பண்றது? அப்பா தெரிஞ்சா செஞ்சாரு?"

போன வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அவளால் நடக்க முடியவில்லை. வாசலிலிருந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று வந்தாள். எல்லா வருஷமும் சிகரெட்டைப் பற்ற வைப்பது மூத்த பிள்ளையான அவள்தான். உதட்டில் வைக்க மாட்டாள். மெழுகுவர்த்திச் சுடரில் நுனியைக் காட்டி, ஊதி ஊதிக் கங்காக்குவாள். போன வருஷம் ஊத மூச்சில்லை. தம்பி ஜோஸ்வினிடம் கொடுத்துவிட்டாள். அவன் உதட்டில் வைத்து ஓர் இழுப்பு இழுத்து, நன்றாகப் பற்றியதும் அக்காவிடமே திருப்பிக் கொடுத்தான். அவள் குனிந்து அப்பாவின் தலைமாட்டில் நட்டாள். எல்லாம் தெரிந்தும் நட்டாள். ஜோனத்தான் அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இந்த வருஷம் அதே மண்ணில் அவளும் இருக்கிறாள். சிகரெட்டை எங்கே நட்டாலும் அவள் மேல்தான் நட வேண்டும்.

*

நான்கு மணிவாக்கில் ஜெயசீலி வந்தார். ஓய்வு பெற்ற தமிழாசிரியை. வெளிர்நீலச் சேலையைச் சேறு படாமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தார். பின்னால் ஜோஸ்வின், தோளில் தன் பெண் குழந்தை ஜென்சியோடு. பல் முளைக்கும் வயது. அப்பாவின் சட்டைக் காலரை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தது. அதன் அம்மா தமிழினி நர்ஸ், ஞாயிற்றுக்கிழமையும் டூட்டி.

"எப்ப வந்தீங்க தம்பி?" என்றார் ஜெயசீலி. "சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு அத்தை."

"பொய் சொல்றீங்க."

அவர் கல்லைப் பார்த்தார். கணவன் பெயரைத் தடவினார், பிறகு மகள் பெயரை. விரல் மகள் பெயரில் தங்கிவிட்டது. புதிதாக வெட்டிய எழுத்தில் ஓரம் இன்னும் கூராக இருந்தது.

"அத்தை" என்றான் ஜோனத்தான்.

அவர் நிமிர்ந்தார். அவன் வாய் திறந்தான். அதற்குள் ஆயர் வந்துவிட்டார்.

ஆயர் வேகமாக வேலை பார்த்தார். அவருக்கு இன்னும் எத்தனையோ வரிசை பாக்கி. ஒரு சங்கீதம் வாசித்து, ஜெபித்து, குழந்தையின் தலையில் கை வைத்தார். போகும்போது ஜோனத்தானின் கையைப் பிடித்துக்கொண்டார். "நம்ம பொண்ணுங்க இப்பல்லாம் எங்கெங்கயோ வேலைக்குப் போறாங்க. என்னென்ன பழக்கமோ சுத்தி இருக்கு. கர்த்தர் பாத்துக்குவார் தம்பி."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஜோனத்தான் இதை வேறு வேறு வாயிலிருந்து கேட்டுப் பழகியிருந்தான். அடக்கத்தன்றே கேட்டான். நுரையீரலாம். நாவலூரில் ஐ.டி. கம்பெனியாம். அங்கே வாசலில் பெண் பிள்ளைகளும் நின்று சிகரெட் குடிக்குதுகளாம். ஒருத்தி அவனிடமே வந்து, "நீங்க குடிப்பீங்களா தம்பி? இல்லியா? அப்போ..." என்று இழுத்துவிட்டுப் போனாள். அவன் மறுக்கவில்லை. மறுக்க ஆரம்பித்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். ஜெயசீலி தனக்கென்று ஒரு காரணம் வைத்திருந்தார். ஆபீஸ் வாசலில் டீ குடிக்கப் போகும்போது ஆண்கள் விட்ட புகை. கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொன்னார். சொல்லிச் சொல்லி அதையே நம்பவும் செய்தார்.

ஆயர் தள்ளிப் போனதும் ஜோஸ்வின் சுற்றும்முற்றும் பார்த்தான். "சம்பத் அங்கிள் எங்க? அவர்கிட்டதான சரக்கு?"

"தோ வந்துட்டேன், வந்துட்டேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

சம்பத் அசரியாவின் பணிமனைக் கூட்டாளி. வேறு மதம். ஆனால் நண்பன் இறந்த வருஷத்திலிருந்து ஒரு கல்லறைத் திருநாளையும் விட்டதில்லை. முதல் சிகரெட்டை அந்தக் கல்லறையில் வைத்தவரே அவர்தான். வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் தாவித் தாவி வந்தார்.

"இன்னா டீச்சரம்மா, நல்லா கீறீங்களா? தம்பி, இன்னாப்பா இப்டி எளச்சிப் பூட்டே? சோறு துன்றியா இல்லியா?" மூச்சு வாங்கியது. "பெருங்களத்தூரு பூரா சுத்திட்டேன். இந்த சிகரெட்டு கெடைக்கிறதே பேஜாரா கீது. கட பையன் என்னான்றான், தாத்தா, இத்த இப்ப யாரு குடிக்கிறா, பட்டன் வச்சது வாங்கிக்கோன்றான். இன்னாடா பட்டனுன்னேன். அமுக்குனா பெப்பர்மென்ட் வாசன வருமாம். அசரியா கேட்டான்னா எழுந்து வந்து ஒதப்பான்."

ஜோஸ்வின் சிரித்தான். ஜெயசீலிக்கும் சிரிப்பு வந்தது. அந்தக் கல்லறையில் கொஞ்ச நேரம் அசரியா மட்டும் இருப்பதுபோல் இருந்தது.

"நீங்க இன்னும் குடிக்கிறீங்களா அங்கிள்?" என்றான் ஜோஸ்வின்.

"நானா? நெஞ்சுல ஸ்டென்ட்டு வச்ச அன்னிக்கே உட்டுட்டேன். இப்ப வாங்குறது உங்கப்பனுக்கு மட்டுந்தான். அதுவும் சில்லறையாத்தான் வாங்குவேன். பொட்டியா வாங்குனா அந்தக் கேன்சர் மூஞ்சியெல்லாம் போட்டுக் குடுக்கிறான். நல்ல நாள்ல அத்த எதுக்குப் பாத்துக்கினு?"

சட்டைப் பையிலிருந்து செய்தித்தாள் பொட்டலம் ஒன்றை எடுத்தார். ஈரம் படாமல் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார். ஒன்றை எடுத்து ஜோஸ்வினிடம் நீட்டினார்.

இப்போது சொல்ல வேண்டும். ஜோனத்தான் அத்தையைப் பார்த்தான். அவர் கண்ணில் ஈரமும் உதட்டில் சிரிப்புமாக அந்தச் சிகரெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். புருஷன் வீட்டுக்குள் நுழைவதைப் பார்ப்பதுபோல். ஜோனத்தான் குனிந்து, பரப்பிய சாமந்தியையே மறுபடி பரப்பினான்.

ஜோஸ்வின் குழந்தையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டான். சிகரெட்டை உதட்டில் வைத்து மெழுகுவர்த்திக்குக் குனிந்தான். ஓர் இழுப்பு. புகை மூக்கு வழியாக வந்தது. குழந்தை கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவன் கழுத்தில் முகத்தைப் புதைத்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. வீட்டிலும் கவனிப்பதில்லை. ஹாலில் டி.வி. பார்க்கும்போது ஒரு கையில் குழந்தையும் ஒரு கையில் சிகரெட்டுமாக அவன் உட்கார்ந்திருப்பதை ஜோனத்தான் பார்த்திருக்கிறான். தமிழினி கத்துவாள். "ஃபேன் ஓடுதில்ல?" என்பான். ஜெயசீலி, "அவங்கப்பா மாதிரியே" என்பார். குறையாக இல்லை.

ஜோஸ்வின் சிகரெட்டைத் தலைமாட்டு மண்ணில் நட்டான்.

அப்போதுதான் சம்பத் பொட்டலத்திலிருந்து இன்னொன்றை எடுத்தார். இரண்டு கையாலும் பிடித்து ஜோனத்தானிடம் நீட்டினார். கோயில் பிரசாதம் நீட்டுவதுபோல்.

"இது பாப்பாவுக்கு."

ஜோனத்தானுக்குப் புரியவில்லை. "யாருக்கு?"

"நம்ம ஜோவிதாவுக்குப்பா. மொத வருசம். அப்பனுக்கு வச்சிட்டுப் புள்ளைக்கு இல்லன்னா நல்லாவா கீது?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதுக்கு எது புடிக்கும்னு தெர்ல. இதே வாங்கியாந்துட்டேன். நீதான் பத்த வைக்கணும் தம்பி. புருசன் நீ. மொத இழுப்பு உரிமப்பட்டவன்தான் இழுக்கணும்."

ஜோஸ்வின் தலையைத் தொங்கப்போட்டான். அவன் மறுக்காமல் நின்றதிலிருந்து ஜோனத்தானுக்கு ஒன்று தெரிந்தது. அவனும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான். அவள் கூடப் பிறந்தவன்.

"அங்கிள்" என்றான் ஜோனத்தான். "அவ சிகரெட் குடிச்சதில்ல."

சம்பத் கையை மடக்கவில்லை. "தப்பா ஒண்ணும் நெனைக்கலப்பா. இந்தக் காலத்துப் புள்ளைங்க. ஆபீசு டென்சன். நான் வருசா வருசம் அது கையில பாத்துக்கினுதான கீறேன். எவ்ளோ பதமாப் பத்த வைக்கும்."

"அது அவங்க அப்பாவுக்கு. அவ ஒரு தடவகூட உதட்டுல வச்சதில்ல. நானும் இல்ல."

சம்பத்தின் கை மெதுவாக இறங்கியது. முகம் கறுத்துவிட்டது. "மன்னிச்சுக்கப்பா. நோவு அதுன்னாங்களா, நான்..." குழப்பத்தோடு எல்லார் முகத்தையும் பார்த்தார். அவர் கேட்டதில் சூது எதுவும் இல்லை. "அப்போ அது எப்டி வந்துச்சு?"

"ஆபீஸ்ல" என்றார் ஜெயசீலி சட்டென்று. "நான் சொல்லல? வாசல்ல ஆம்பளைங்க விடுற புகைதான். டாக்டரே சொன்னாங்களே. சொன்னாங்கல்ல தம்பி?"

டாக்டர் என்ன சொன்னார் என்று அவர் இதுவரை கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லச் சொல்கிறார். ஒரு தலையசைப்பு போதும். சம்பத் சிகரெட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். நட்டு வைத்தது எரிந்து முடியும். எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள். ஜோவிதா கேட்டதும் அதைத்தான்.

குழந்தை இருமியது. பெரிய இருமல் ஒன்றும் இல்லை. எச்சில் புரையேறியிருக்கலாம். ஜோஸ்வின் அதன் முதுகைத் தட்டினான்.

"இல்ல அத்தை" என்றான் ஜோனத்தான். "ஆபீஸப் பத்தி டாக்டர் கேக்கவே இல்ல. வீட்ல யார் குடிப்பாங்கன்னு கேட்டாங்க."

"உங்க வீட்லதான் யாரும்..."

"எங்க வீட்ல யாருமில்ல."

அவர் அவனையே பார்த்தார். அந்தப் பார்வையில் முதலில் கோபம் வந்தது. பிறகு கோபம் போய்விட்டது. ஜோஸ்வினுக்குத்தான் முதலில் வாய் திறந்தது.

"மாமா, என்ன பேசுறீங்க நீங்க? எங்கப்பா செத்துப் பதினஞ்சு வருஷமாச்சு. செத்தவர் மேல பழி போடுறதுக்கு வேற நாள் கெடைக்கலியா உங்களுக்கு?"

"பழி இல்ல ஜோஸ்வின். அடிச்சுச் சொல்ல முடியாதுன்னுதான் டாக்டர் சொன்னாங்க. ஒரு காரணமா இருக்கலாம்னாங்க."

"இருக்கலாம்! இருக்கலாம்னா? நானும்தான் அதே ரூம்ல வளந்தேன். எனக்கு என்ன வந்துருச்சு?"

"டேய்" என்றார் ஜெயசீலி.

"இல்லம்மா, சும்மா கேக்க முடியுமா? அப்பாவக் கொலகாரன்னு..."

"சும்மா இருடா."

அவர் கல்லின் ஓரத்தில் உட்கார்ந்தார். கல் ஈரமாக இருந்தது. சேலையைப் பற்றி இப்போது அவர் கவலைப்படவில்லை.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்தை. அவதான் டாக்டர்கிட்ட சொன்னா."

"போன வருஷம் வந்தாளே. அப்பவும்?"

"தெரிஞ்சுதான் வந்தா."

ஜெயசீலி தலையாட்டினார். மாணவி சொன்ன விடை சரி என்பதுபோல், இரண்டு முறை. பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"ஜன்னல நான்தான் சாத்துவேன். விளக்கு வச்சதும். கொசு வந்துரும்னு. அவர் குடிச்சிட்டு இருப்பார், இதுங்க கீழ உக்காந்து எழுதிட்டு இருக்கும். நான் போய்க் கொக்கி போட்டுட்டு வருவேன். ஒரு நாள் தவறாம."

ஜோவிதா ஏன் சொல்லாதே என்றாள் என்பது ஜோனத்தானுக்கு இப்போதுதான் விளங்கியது. அப்பாவைக் காப்பாற்றுகிறாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தான். அவன் ஏதாவது சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும், எல்லா வீட்டிலும் அப்படித்தானே. எல்லாம் உண்மைதான். அவன் குனிந்து, சாய்ந்திருந்த மெழுகுவர்த்தி ஒன்றை நிமிர்த்தினான்.

"நானும் அந்த வூட்ல ஒக்காந்து ஊதியிருக்கேன் டீச்சர்" என்றார் சம்பத். "அந்தப் புள்ளதான் கொட்டாங்குச்சி கொணாந்து வைக்கும், சாம்பல் தட்ட. வாங்க மாமான்னு சொல்லிக்கினே வைக்கும்." கையில் இருந்த சிகரெட்டைப் பார்த்தார். அதை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. கீழே போடவும் மனசில்லை, பைக்குள் போடவும் மனசில்லை. கடைசியில் விரலால் உதிர்த்து, தூளைச் செய்தித்தாளிலேயே பொதிந்துகொண்டார்.

நட்டு வைத்தது எரிந்துகொண்டிருந்தது. பாதி சாம்பல் சாயாமல் நின்றது.

"அத எடுத்துரு ஜோஸ்வின்" என்றார் ஜெயசீலி.

"அம்மா."

"எடு. பிள்ளைய என்கிட்ட குடு."

"அப்பாவுக்கு வச்சதும்மா."

"தெரியும். உங்கப்பாகிட்ட நான் ஒரு நாளும் வெளிய போய்க் குடிங்கன்னு சொன்னதில்ல. வேலை முடிஞ்சு வந்த மனுஷன எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டேன். உங்கிட்டயும் சொல்லல. அவ போனப்புறமும் சொல்லல. இப்ப சொல்றேன். வெளிய போடா."

"இது வெளியதானம்மா."

"இன்னும் வெளிய."

ஜோஸ்வின் குழந்தையைக் கொடுத்தான். குனிந்து சிகரெட்டை மண்ணிலிருந்து பிடுங்கினான். அணைக்கத்தான் பார்த்தான். ஆனால் சுற்றிலும் கல்லறைகள். எந்தக் கல்லில் தேய்ப்பது? எந்த மண்ணில் போட்டு மிதிப்பது? சட்டென்று திரும்பி அதைக் கையில் பிடித்தபடியே வாசலை நோக்கி நடந்தான். மெழுகுவர்த்திகளுக்கும் ஜெபிப்பவர்களுக்கும் நடுவே புகை அவனோடு போனது. சிலர் முகம் சுளித்தார்கள். ஆயர் தூரத்திலிருந்து பார்த்தார். அவன் யாரையும் பார்க்கவில்லை. வாசலுக்கு வெளியே, சாலையோரத்தில் நின்று அதை முழுசாகக் குடித்து முடித்தான். ஜோனத்தானுக்கு அங்கிருந்தே தெரிந்தது. இழுக்கும்போதெல்லாம் அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று தெரியக் கொஞ்ச நேரமாயிற்று.

"தம்பி" என்றார் சம்பத் தயங்கித் தயங்கி. "பாப்பாவுக்கு இன்னாதான் புடிக்கும்? சொல்லு. போய் வாங்கியாறேன்."

ஜோனத்தான் யோசித்தான். அவளுக்காக அவன் எதுவும் கொண்டு வந்திருக்கவில்லை. ஒரு வாரமாகச் சிகரெட்டைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்ததில் அது தோன்றவே இல்லை.

"பால்கோவா" என்றார் ஜெயசீலி.

"அது சின்ன வயசுல அத்தை. இப்பல்லாம் அவித்த வேர்க்கடலதான். ஸ்டேஷன்ல இறங்குனா வாங்காம வர மாட்டா."

இப்பல்லாம் என்று சொன்னதை யாரும் திருத்தவில்லை.

"தோ, அஞ்சு நிமிசம்" என்று சம்பத் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

தூறல் ஆரம்பித்தது. ஜெயசீலி சேலைத் தலைப்பால் குழந்தையின் தலையை மூடினார். கணவன் பெயரைப் பார்க்கவே இல்லை. பார்க்காமல் இருக்க அவர் பாடுபடுவது தெரிந்தது. நாற்பது வருஷத்துப் பாசத்தை ஒரு சாயங்காலத்தில் என்ன செய்வது? ஜோனத்தான் அவர் பக்கத்தில் ஈரக் கல்லில் உட்கார்ந்தான். சொல்லாதே என்றவளின் பெயர் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. சொல்லிவிட்டால் மனசு இலேசாகிவிடும் என்று எண்ணியிருந்தான். ஆகவில்லை. ஆனால் எட்டு மாதத்தில் முதல்முறையாக ஏதோ வலித்தது. எங்கே என்று சொல்லத் தெரியவில்லை.

ஜோஸ்வின் திரும்பி வந்தான். கண் சிவந்திருந்தது. குழந்தைக்குக் கையை நீட்டினான். குழந்தையும் சிரித்துக்கொண்டு அவனிடம் தாவியது.

ஜெயசீலி விடவில்லை. "வாயக் கொப்பளிச்சிட்டு, சட்டைய மாத்திட்டு வா."

"சட்டைக்கு இப்ப எங்கம்மா போவேன்?"

"அப்ப தூக்காத."

"மழை வருதும்மா. கார் வரைக்கும்தான்."

"அதான் சொல்றேன். கார் வரைக்கும்கூட வேண்டாம்." குரல் உயரவே இல்லை. வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற, உயராத குரல். "தமிழினி கத்தும்போதெல்லாம் நான் உன் பக்கம் பேசினேன். இன்னியோட சரி. தூக்கணும்னு ஆசை இருந்தா அத விட்டுட்டு வந்து தூக்கு."

ஜோஸ்வின் நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு தரையில் கிடந்த வாளியையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டான். கையில் ஏதாவது இருக்க வேண்டியிருந்தது அவனுக்கும்.

"தம்பி, நீங்க தூக்கிக்கோங்க" என்றார் ஜெயசீலி. "எனக்குச் சேத்துல கால் நிக்காது."

ஜோனத்தான் குழந்தையை வாங்கினான். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அது அவன் தோளில் தலையைச் சாய்த்தது. சேற்றில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தான். கடைசி மாதங்களில் ஜோவிதா இப்படித்தான் அவன் தோளில் சாய்ந்து தூங்குவாள். படுத்தால் மூச்சு முட்டும். உள்ளே எங்கோ விசில் அடிப்பதுபோல் ஒரு சத்தம் ஏறி இறங்கும். அது நின்றுவிடுமோ என்று அவன் விழித்தே இருப்பான்.

பாதி வழியில் குழந்தை தூங்கிவிட்டது. அவன் நின்றான். பின்னால் வந்த ஜெயசீலி, "என்ன தம்பி?" என்று கேட்டார். அவன் தலையைச் சாய்த்துக் காதைக் குழந்தையின் முதுகருகே கொண்டுபோனான். மூச்சு போய் வந்தது. அதில் சத்தமே இல்லை.